ஹேமில்டன்: எஃகு வளர்த்த துறைமுக நகரம்



"தொழில் வளர்ச்சியால் விளையும் நன்மை தீமைகள்" என்ற தலைப்பைத் தேர்வுக்குத் தயாராகும் எல்லா மாணவர்களும் ஒருமுறையாவது எழுதியிருப்பார்கள். பெரும்பாலான கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை மாதிரி இருக்கும். முதல் பத்தியில் வேலை வாய்ப்பு, இரண்டாவதில் பொருளாதாரம், மூன்றாவதில் தூய்மைக்கேடு, கடைசியில் "அரசாங்கமும் மக்களும் கைகோத்துச் செயல்பட வேண்டும்". தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கட்டுரையில் ஓர் ஊரும் இருக்காது, ஓர் ஆண்டும் இருக்காது, ஒரு மனிதரும் இருக்க மாட்டார். படிக்கிற ஆசிரியருக்கு அது மனத்தில் ஒட்டாது.

அதனால்தான் இந்த முறை ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டு முழுக்கப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இருக்கும் ஹேமில்டன் நகரம். டொரோண்டோவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 569,353. ஒரு காலத்தில் கனடாவின் எஃகில் பாதிக்கு மேல் இங்கேதான் உருவானது. அந்த எஃகு ஊருக்கு என்ன கொடுத்தது, என்ன எடுத்துக்கொண்டது, அதன் கணக்கை யார் தீர்த்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இடம் அமைந்த விதம்

ஒரு நகரத்தின் வரலாற்றைப் படிக்கும்போது முதலில் வரைபடத்தை விரிக்க வேண்டும். ஹேமில்டன், ஒன்டாரியோ ஏரியின் மேற்கு முனையில் இருக்கிறது. ஏரிக்கும் ஊருக்கும் நடுவே ஒரு விரிகுடா. அந்த விரிகுடாவின் வாயை நீளமான மணல்திட்டு ஒன்று இயற்கையாகவே அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே அலையில்லாத அமைதியான நீர்ப்பரப்பு, சுமார் 21 சதுர கிலோமீட்டர். கப்பல் ஒதுங்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஒரே குறை, கப்பல் உள்ளே வர வழியில்லை. எனவே மணல்திட்டை வெட்டிக் கால்வாய் அமைத்தார்கள். 1826-இல் அது திறக்கப்பட்டது. முழு வேலையும் முடிந்தது 1832-இல். ஹேமில்டன் உண்மையான துறைமுகம் ஆனது அதற்குப் பிறகுதான்.

ஊரின் தெற்கே நயாகரா செங்குத்துச்சரிவு சுவர் போல ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'மலை' என்றே சொல்வார்கள். 'மலையில் வீடு', 'கீழே வீடு' என்று பேசும் பழக்கம் இன்றும் உண்டு. இந்தச் சரிவிலிருந்து விழும் அருவிகள் மட்டும் நூற்றுக்கு மேல். தொழிற்சாலைப் புகைக்குப் பெயர்போன ஊரில் இத்தனை அருவிகளா என்று முதல்முறை போகிறவர்கள் வியப்பார்கள். 'மேலே', 'கீழே' என்ற இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஊரின் தொடக்கம்

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இது ஹோடினோஷோனி, மிசிசாகா முதலிய பூர்வகுடி மக்கள் வாழ்ந்த, வேட்டையாடிய, மீன் பிடித்த நிலம். இன்றும் ஹேமில்டனுக்கு அருகே கிராண்ட் ஆற்றங்கரையில் 'ஆறு நாடுகள்' பூர்வகுடியினரின் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது.

1812-இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. 1813 ஜூன் 6 அதிகாலையில், இன்றைய நகர எல்லைக்குள் இருக்கும் ஸ்டோனி கிரீக்கில், பிரிட்டிஷ் படை இருளில் திடீர்த் தாக்குதல் நடத்தி அமெரிக்கத் தளபதிகள் இருவரைச் சிறைபிடித்தது. போர் ஓய்ந்ததும் ஜார்ஜ் ஹேமில்டன் என்பவர் தம் நிலத்தில் தெருக்களை வகுத்து ஊரை உருவாக்கினார். 1846-இல் அது மாநகரமானது. 1853-இல் கிரேட் வெஸ்டர்ன் இரயில் பாதை வந்து சேர்ந்தது.

அடுத்து 1854-இல் இன்னொன்றும் வந்தது: காலரா. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாசுபட்ட தண்ணீரை நம்பி வளரும் நகரம் வாழ முடியாது என்பது புரிந்தது. தாமஸ் கீஃபர் என்ற பொறியாளர் ஏரியிலிருந்து நீரிறைத்து நகருக்குக் கொடுக்கும் நிலையத்தை வடிவமைத்தார். அது 1859-இல் இயங்கத் தொடங்கியது. அங்கு நிறுவிய நீராவி எந்திரங்கள் பக்கத்து டன்டாஸ் ஊரிலேயே வார்க்கப்பட்டவை. இன்று அந்த நிலையம் அருங்காட்சியகமாக இருக்கிறது. பெரிய இயந்திரங்களை ஊரிலேயே செய்யும் கைத்திறன் எஃகு ஆலைகளுக்கு முன்பே இங்கு வேரூன்றிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

மின்சாரம், வரி, எஃகு

ஹேமில்டனுக்குப் பக்கத்தில் இரும்புச் சுரங்கமும் இல்லை, நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. அப்படி இருக்கும்போது எஃகு எப்படி இங்கே வந்தது? தேர்வில் 'காரணங்களை விளக்குக' என்று கேட்டால், பதில் இந்த மூன்றில் இருக்கிறது.

முதலாவது, போக்குவரத்து. இரும்புத்தாது சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து கப்பலில் வரும். நிலக்கரி அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியிலிருந்து வரும். ஈரி ஏரிக்கும் ஒன்டாரியோ ஏரிக்கும் நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 100 மீட்டர். நடுவில் நயாகரா அருவி. கப்பல் அருவியில் இறங்க முடியுமா? அதற்காக வெட்டியதுதான் வெல்லண்ட் கால்வாய். 'லாக்' எனப்படும் நீர் அடைப்புகளில் கப்பலை நிறுத்தி, நீரை ஏற்றி இறக்கி, படிப்படியாகக் கொண்டுபோவார்கள். இப்போதைய கால்வாயில் இப்படி எட்டு அடைப்புகள் இருக்கின்றன. 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்த பிறகு, கியூபெக்–லாப்ரடார் பகுதித் தாதும் பெரிய கப்பல்களில் வந்தது. உள்நாட்டு ஏரித் துறைமுகம் ஒன்று அட்லாண்டிக் கடலோடு நேரடியாக இணைந்தது.

இரண்டாவது, மலிவான மின்சாரம். 1898-இல் டிகியூ அருவியில் எடுத்த நீர்மின்சாரத்தை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியாக ஹேமில்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. 'மின்சார நகரம்' என்ற பெயரே ஊருக்கு வந்தது.

மூன்றாவது, வரி. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1879-இல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டின் அரசு 'தேசியக் கொள்கை' என்ற பெயரில் இறக்குமதிப் பொருள்களுக்கு உயர்ந்த சுங்கவரி விதித்தது. எல்லைக்கு வெளியே செய்து உள்ளே விற்றால் வரி. உள்ளேயே செய்து விற்றால் வரி இல்லை. அமெரிக்க நிறுவனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தன. வெஸ்டிங்ஹவுஸ், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் முதலிய நிறுவனங்கள் எல்லை தாண்டி ஹேமில்டனில் ஆலை கட்டின. இந்த ஊர் சுங்கவரியின் நிழலில் வளர்ந்த ஊர்.

1895-இல் முதல் ஊதுலையில் இரும்பு உருகியது. 1910-இல் பல நிறுவனங்கள் ஒன்றாகி ஸ்டெல்கோ பிறந்தது. 1912-இல் கிளிஃப்டன் ஷெர்மன் தொடங்கிய வார்ப்பாலை பின்னர் டோஃபாஸ்கோ ஆனது. இரண்டும் விரிகுடாவின் தென்கரையில் அடுத்தடுத்து வளர்ந்தன.

ஒன்பது மணி நேரம் முதல் 1946 வரை

ஆலை வந்தால் நல்ல சம்பளம் தானாக வந்துவிடும் என்று நம் மாணவர்கள் எழுதுவார்கள். ஹேமில்டன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1872 மே 15 அன்று சுமார் 1,500 தொழிலாளர்கள் ஹேமில்டன் தெருக்களில் அணிவகுத்துச் சென்றார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேர வேலை. அப்போது பத்து மணி நேரமும் அதற்கு மேலும், வாரத்தில் ஆறு நாள் வேலை செய்வது சாதாரணம். அந்தக் கோரிக்கை உடனே நிறைவேறவில்லை. ஆனால் அதே ஆண்டு, டொரோண்டோ அச்சுத் தொழிலாளர்களின் வேலை நிறுத்தமும் சேர்ந்து, தொழிற்சங்கம் அமைப்பதைக் குற்றமாகக் கருதாத சட்டம் கனடாவில் இயற்றப்பட்டது. கொண்டுவந்தவர் அதே மெக்டொனால்ட்தான்.

அடுத்த பெரிய திருப்பம் 1946. போர் முடிந்துவிட்டது. போர்க்காலத்தில் கட்டுப்பாட்டில் இருந்த சம்பளம் உயர வேண்டும், சங்கத்தை நிறுவனம் முறையாக ஏற்க வேண்டும் என்று எஃகுத் தொழிலாளர்கள் கேட்டார்கள். ஜூலை 15 அன்று ஸ்டெல்கோவில் வேலை நிறுத்தம் தொடங்கியது. அந்தக் கோடையில் வெஸ்டிங்ஹவுஸ், ஃபயர்ஸ்டோன் ஆலைகளிலும், ஊரின் நாளிதழான ஸ்பெக்டேட்டர் அச்சகத்திலும்கூட வேலை நின்றது. அரசு எஃகு ஆலைகளைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்திருந்ததால், ஸ்டெல்கோ வேலை நிறுத்தம் சட்டப்படி செல்லாது என்றது. நிறுவனமோ ஒரு பகுதித் தொழிலாளர்களை ஆலைக்குள்ளேயே தங்கவைத்து உற்பத்தியைத் தொடர்ந்தது. வெளியே வாசலில் மறியல். அதனால் உள்ளே இருந்தவர்களுக்கு உணவு படகிலும் சிறு விமானத்திலும் போனது. சங்கமும் விடவில்லை, சொந்தமாக ஒரு வேகப்படகை விரிகுடாவில் இறக்கியது! நம் தமிழில் 'கருங்காலி' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதன் முழுச் சூடும் அந்தக் கோடையில் ஒரே தெருவில் வசித்த குடும்பங்களுக்குள் இருந்தது.

அப்போது மேயராக இருந்தவர் சாம் லாரன்ஸ். கல் கொத்தும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். வெளியூர்க் காவல் படையை வரவழைக்கும் யோசனையை அவர் எதிர்த்தார். தொழிலாளர் ஊர்வலத்தில் தாமே முன்னால் நடந்தார். 81 நாள்களுக்குப் பிறகு வேலை நிறுத்தம் முடிந்தது. சம்பளம் உயர்ந்தது, சங்கம் நிலைத்தது. சாதாரண ஆலைத் தொழிலாளி வீடு வாங்கி, பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடிந்த காலம் அதன் பிறகு வந்தது.

பக்கத்து ஆலையான டோஃபாஸ்கோ வேறு வழியில் போனது. அங்கே சங்கம் நுழையவே இல்லை. 1938-இலேயே இலாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்டெல்கோவில் சங்கம் வாங்கிய உயர்வைப் பார்த்து டோஃபாஸ்கோவும் சம்பளத்தை அதற்கு ஈடாகவே வைத்துக்கொண்டது. அப்படின்னா, சங்கம் இல்லாத ஆலையின் நல்ல சம்பளத்திலும் சங்கத்துக்குப் பங்கு உண்டு இல்லையா? விவாதக் கட்டுரைக்கு இது நல்ல கருத்து.

யார் யார் வந்தார்கள்?

ஊதுலைப் பக்கத்து வேலை சூடும் புழுதியும் நிறைந்தது. கற்கரி அடுப்புகள் அதைவிட மோசம். இத்தாலியர், போலந்துக்காரர், ஹங்கேரியர், குரோஷியர் எனப் புதிதாக வந்தவர்களுக்கே இந்த வேலைகள் முதலில் கிடைத்தன. சிசிலித் தீவிலுள்ள ரக்கல்முட்டோ என்ற ஒரே சிற்றூரிலிருந்து ஏராளமானோர் இங்கு வந்து குடியேறினார்கள். அந்த ஊரின் பெயரை இன்றும் ஹேமில்டன் தெரு ஒன்றில் காணலாம்.

இந்த ஊர் அரசியலுக்குக் கொடுத்த இருவரை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் எல்லன் ஃபேர்கிளஃப். ஹேமில்டனில் பிறந்தவர், 1957-இல் கனடாவின் முதல் பெண் அமைச்சரானவர். குடிநுழைவு அமைச்சராக இருந்தபோது, 1962-இல் அவர் கொண்டுவந்த விதிகள், குடியேற வருபவரின் இனத்தையும் நிறத்தையும் பார்த்துத் தேர்வு செய்யும் பழைய முறையைப் பெருமளவில் நீக்கின. கல்வியும் திறனும் முன்னுக்கு வந்தன. ஆசியர்களுக்குக் கனடாவின் கதவு திறக்கத் தொடங்கிய இடம் இதுதான். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பின்னாளில் கனடா சென்ற நம் தமிழர்கள் நடந்த பாதைக்கு முதல் கல்லை வைத்தவர்களுள் இந்த ஹேமில்டன் பெண்மணியும் ஒருவர்.

மற்றவர் லிங்கன் அலெக்சாண்டர். கறுப்பினத்தவர், போரில் விமானப்படையில் பணியாற்றியவர். 1949-இல் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றதும் ஸ்டெல்கோவில் விற்பனைப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. ஆலைக்குள் உடல் உழைப்பு வேலை என்றால் சரி, வாடிக்கையாளர் முன்னால் நிற்கும் வேலை என்றால் நிறம் தடையானது. அவர் சட்டம் படித்தார். 1968-இல் ஹேமில்டன் மேற்குத் தொகுதியில் வென்று கனடாவின் முதல் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர் அவர் வகித்த அமைச்சர் பதவி எது தெரியுமா? தொழிலாளர் துறை. 1985-இல் ஒன்டாரியோவின் துணைநிலை ஆளுநரும் ஆனார். இன்று நகரின் பெரிய விரைவுச்சாலை ஒன்றுக்கு அவர் பெயர்.

எல்லாமே இனிமையாக முடிந்துவிடவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குச் சில நாள்கள் கழித்து, ஹேமில்டனின் இந்து சமாஜக் கோயிலுக்குத் தீ வைக்கப்பட்டது. கட்டடம் அழிந்தது. நகரத் தலைவர்களும் பல சமயத்தவரும் ஒன்றுகூடி இணக்கத்துக்கான இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். கோயிலும் மீண்டும் எழுந்தது.

துறைமுகம் கொடுத்த விலை

இரும்புத்தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் பிணைந்த கல். இரும்பைத் தனியே பிரிக்க ஆக்சிஜனை இழுத்தெடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கற்கரி. நிலக்கரியைக் காற்றில்லாமல் அடுப்பில் சுட்டால் கற்கரி கிடைக்கும். கூடவே தார், வாயு, அம்மோனியா எல்லாம் வெளியேறும். ஊதுலையில் சுண்ணாம்புக்கல் சேர்த்து உருக்கும்போது கசடு மிஞ்சும். இவையெல்லாம் எங்கே போயின?

பெரும்பகுதி விரிகுடாவுக்குத்தான் போனது. தென்கரையில் சிறு கழிமுகங்களும் சதுப்புநிலங்களும் இருந்தன. அவற்றைக் கசடும் மண்ணும் கொட்டி நிரப்பி, மேலே ஆலைகளை நீட்டினார்கள். விரிகுடாவின் பழைய பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்படி மறைந்தது. நகரத்தின் கழிவுநீரும் அதே தண்ணீரில் கலந்தது. மக்கள் நீந்திய கரைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1980-களில் கனடாவும் அமெரிக்காவும் பேரேரிகளில் மிக மோசமாகக் கெட்டுப்போன இடங்களைப் பட்டியலிட்டன. மொத்தம் 43 இடங்கள். ஹேமில்டன் துறைமுகம் அதில் ஒன்று. அதற்குள்ளேயே மோசமான இடம் ராண்டில் ரீஃப் என்ற பகுதி. நிலக்கரித் தாரில் ஊறிய வண்டல் அங்கே பல இலட்சம் கன மீட்டர் கிடந்தது. பேரேரிகளின் கனடியப் பக்கத்தில் இவ்வகையில் இதுவே மிகப் பெரியது.

அதை அள்ளி வேறெங்காவது கொண்டுபோய் எரிப்பதா, இருந்த இடத்திலேயே அடைப்பதா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் இரண்டாவது வழியே தேர்வானது. நீருக்குள் எஃகுத் தகடுகளால் இரட்டைச் சுவர் எழுப்பி, 6.2 ஹெக்டர் பரப்பில் ஒரு பெட்டியைக் கட்டி, சுற்றியுள்ள நச்சு வண்டலை உறிஞ்சி அதற்குள் கொட்டி, மேலே மூடிவிடுவது. வேலை 2015-இல் தொடங்கியது. செலவு 138.9 மில்லியன் கனடிய டாலர். மத்திய அரசு, மாநில அரசு, உள்ளூர்த் தரப்புகள் என மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். எஃகு ஆலை தன் பங்கில் ஒரு பகுதியை எஃகாகவே கொடுத்தது. எஃகு செய்ததால் வந்த நஞ்சை எஃகுச் சுவருக்குள் பூட்டிவைக்கிறார்கள். பெரும்பங்குப் பணமோ பொதுமக்களின் வரிப்பணம்.

நல்ல செய்தியும் உண்டு. விரிகுடாவின் மேற்கு மூலையில் கூட்ஸ் பாரடைஸ் என்ற பெரிய சதுப்புநிலம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த கெண்டை மீன்கள் அங்கே சேற்றைக் கிளறித் தாவரங்களை அழித்துவந்தன. அரச தாவரவியல் பூங்காவினர் 1997-இல் ஒரு மீன்வாயிலைக் கட்டினார்கள். உள்ளே வரும் மீன்களைக் கூடையில் பிடித்து, நாட்டு மீனை உள்ளே விட்டு, கெண்டையை வெளியே திருப்பிவிடுவார்கள். 2013-இல் அந்தச் சதுப்பில் வெண்தலைக் கழுகு குஞ்சு பொரித்தது. ஒன்டாரியோ ஏரியின் கனடியக் கரையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்காத நிகழ்ச்சி அது.

ஆனால் அதே சதுப்புக்குப் பாயும் செடோக் ஓடையில், 2014 முதல் 2018 வரை, ஏறத்தாழ 24 பில்லியன் லிட்டர் கழிவுநீர் கலந்துவந்தது. கழிவுநீர்த் தொட்டி ஒன்றின் கதவு மூடாமல் இருந்ததே காரணம். அதன் முழு அளவு 2019 இறுதியில்தான் மக்களுக்குத் தெரிந்தது. இதில் எஃகு ஆலைக்குப் பங்கே இல்லை. தூய்மைக்கேடு என்றாலே தொழிற்சாலை என்று எழுதும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

சரிவு எப்படி வந்தது?

1981-இல் ஸ்டெல்கோவில் 125 நாள் வேலை நிறுத்தம் நடந்தது. அதே காலத்தில் உலகச் சந்தை மாறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு எஃகு மலிவாக வந்தது. புதிய இயந்திரங்கள் குறைந்த ஆள்களைக் கொண்டே ஓடின. ஆலைக்குள் ஆள் குறையத் தொடங்கியது. 2004-இல் ஸ்டெல்கோ திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2007-இல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் அதை வாங்கியது. வாங்கும்போது இத்தனை பேருக்கு வேலை, இவ்வளவு உற்பத்தி என்று கனடிய அரசிடம் உறுதி கொடுத்திருந்தது. 2009-இல் அரசே அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது; பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. 2010 இறுதியில் ஹேமில்டன் ஊதுலை நின்றது. 2013 இறுதியோடு அந்த ஆலையில் இரும்பு உருக்கும் வேலை நிரந்தரமாக முடிந்தது.

அடுத்த அடி ஓய்வு பெற்றவர்கள் மேல் விழுந்தது. நிறுவனம் 2014-இல் மீண்டும் திவால் பாதுகாப்புக்குப் போக, 2015-இல் நீதிமன்ற அனுமதியோடு சுமார் 20,000 ஓய்வூதியர்களின் மருத்துவச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. கற்கரி அடுப்பின் முன் முப்பது ஆண்டு நின்றவர், மருந்துச் செலவு தேவைப்படும் வயதில், அதற்கென்று கொடுத்த வாக்கை இழந்தார். கட்டுரையில் 'சமூகப் பாதிப்பு' என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறோமே, அது இதுதான்.

2017-இல் வேறு ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்க, ஸ்டெல்கோ என்ற பழைய பெயர் திரும்பியது. 2024-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட்-கிளிஃப்ஸ் அதை வாங்கியது. டோஃபாஸ்கோவும் 2006-இல் கைமாறி, இன்று ஆர்செலர்மித்தல் குழுமத்தில் இருக்கிறது. ஊரின் இரண்டு பெரிய ஆலைகளுக்கும் முடிவெடுக்கும் மேசை இப்போது ஊரில் இல்லை.

2025-இல் அமெரிக்கா வெளிநாட்டு எஃகின் மீது முதலில் 25 விழுக்காடு, பிறகு 50 விழுக்காடு சுங்கவரி விதித்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கனடா போட்ட வரி ஹேமில்டனை வளர்த்தது. இன்று அண்டை நாடு போடும் வரி அதே ஊரை உலுக்குகிறது.

இன்றைய ஹேமில்டன்

இன்றைக்கு ஹேமில்டனில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பவை மருத்துவமனைகள். 1930-இல் டொரோண்டோவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் அதற்கு அடித்தளம். ஆசிரியர்களே, நாம் பயிற்சிப் பட்டறைகளில் கேட்கிற 'பிரச்சினை சார்ந்த கற்றல்' முறை பிறந்த இடம் இந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளிதான். 1960-களின் இறுதியில், விரிவுரையைக் குறைத்து, சிறு குழுவிடம் ஒரு நோயாளியின் பிரச்சினையைக் கொடுத்து, அதிலிருந்தே பாடத்தைத் தேடவைத்தார்கள். எஃகு நகரம் ஏற்றுமதி செய்த பொருள்களில் இதையும் சேர்க்கலாம். சிங்கப்பூர் வரை கிளை பரப்பிய டிம் ஹார்ட்டன்ஸ் காப்பிக்கடையின் முதல் கடையும் 1964-இல் ஹேமில்டன் ஒட்டாவா தெருவில்தான் திறந்தது.

துறைமுகமும் ஓயவில்லை. குளிர்காலத்தில் கடல்வழி மூடப்பட்டாலும், மற்ற மாதங்களில் தாதும் நிலக்கரியும் வருகின்றன; கோதுமை, சோயா முதலிய தானியங்கள் இங்கிருந்து போகின்றன. ஜேம்ஸ் தெருவின் பழைய கடைகளில் ஓவியக்கூடங்கள் வந்தன. டொரோண்டோ வீட்டு விலை தாங்காதவர்கள் இங்கே வந்தார்கள்; வாடகை ஏறியது; ஏற்கெனவே இருந்த ஏழைகள் தள்ளப்பட்டார்கள்.

முன்பு சொன்ன 'மேலே', 'கீழே' ஞாபகம் இருக்கா? 2010-இல் ஸ்பெக்டேட்டர் நாளிதழ், மெக்மாஸ்டர் ஆய்வாளரோடு சேர்ந்து, பகுதி வாரியாக உடல்நலக் கணக்கை வெளியிட்டது. மிக வசதியான பகுதிக்கும் கீழ்நகரின் மிக ஏழ்மையான பகுதிக்கும் இடையே, சராசரி இறப்பு வயதில் 21 ஆண்டு வேறுபாடு இருந்தது. ஒரே நகரம், ஒரே மேயர். ஆனால் ஒரு தெருவில் பிறந்தவருக்கு இன்னொரு தெருவில் பிறந்தவரைவிட இருபத்தோர் ஆண்டு கூடுதல் வாழ்க்கை.

டோஃபாஸ்கோவில் கற்கரியை விட்டுவிட்டு மின்வில் உலைக்கு மாறும் 1.8 பில்லியன் டாலர் திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. பாதிப் பணம் அரசுகளுடையது. காலம் தள்ளிக்கொண்டே போகிறது. அது நிறைவேறினால் எஃகும் வேலையும் சுத்தமான காற்றும் ஒரே ஊரில் இருக்க முடியுமா என்பதற்கு விடை கிடைக்கும்.

கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு

ஒன்று: நன்மையையும் தீமையையும் தனித்தனிப் பெட்டியில் போடாதீர்கள். ஹேமில்டனில் சம்பளம் கொடுத்த அதே அடுப்புதான் தாரையும் கொடுத்தது. 'யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை, எப்போது?' என்று கேட்டு எழுதினால் கட்டுரை உயிர் பெறும்.

இரண்டு: காரணத்தைச் சங்கிலியாக எழுதுங்கள். வரி → ஆலை → குடியேற்றம் → சங்கம் → சம்பளம் → வீடு. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வாதம் தளரும்.

மூன்று: எண்களை அளவோடு பயன்படுத்துங்கள். 1872, 1946, 2013 என மூன்று ஆண்டும், 21 ஆண்டு வேறுபாடு, 138.9 மில்லியன் டாலர் என இரண்டு எண்ணும் போதும்.

வகுப்பறை வினாக்கள்

1. சுரங்கம் இல்லாத ஹேமில்டனில் எஃகுத் தொழில் வேரூன்றியதற்கான மூன்று காரணங்களை விளக்குக.
2. "நல்ல சம்பளத்தைக் கொடுத்தது ஆலையா, சங்கமா?" ஸ்டெல்கோ, டோஃபாஸ்கோ ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு வாதிடுக.
3. ராண்டில் ரீஃப் சீரமைப்புச் செலவை யார் ஏற்றிருக்க வேண்டும்? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. லிங்கன் அலெக்சாண்டருக்கு மறுக்கப்பட்ட வேலையையும் அவர் பின்னர் வகித்த பதவிகளையும் கொண்டு 150 சொற்களில் ஒரு பத்தி எழுதுக.
5. கிள்ளான், பாசிர் கூடாங், ஜூரோங் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே 'மேலே' யார், 'கீழே' யார் என்று குழுவாக விசாரித்து அறிகை தயாரிக்கவும். வீட்டுப் பெரியவர்களிடம் பேசினாலே பாதித் தகவல் கிடைத்துவிடும்.